முன்வரிசை யாருக்கு?

(ஆசிரியர்களும் பெற்றோரும் கூடியிருந்த ஓர் அரங்கில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் எனக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள். முப்பத்து நான்கு வருஷம் மணி அடித்தால் தொடங்கி, மணி அடித்தால் நிறுத்திப் பழகிய வாய் இது. அமைப்பாளர்களில் ஒருவர் கையில் மணியோடு உட்கார்ந்திருந்தால் எனக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

பள்ளிப் பிள்ளைகளைக் கூத்துக்கும் நாடகத்துக்கும் கச்சேரிக்கும், நல்ல பேச்சு கேட்கவும் வெளியே கூட்டிப்போவதைப் பற்றிச் சொல்ல வந்திருக்கிறேன். நான் ஏழாம் வகுப்பில் இருந்தபோது ஒரே வருஷத்தில் இரண்டு முறை இப்படிப் போனேன். இன்றைக்கு நான் சொல்லப்போகிற எல்லாமே அந்த இரண்டில் இருக்கிறது. கெட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு பெரிய மனிதர் பேச வருகிறார் என்று எங்களை மூன்று மைல் நடத்திக் கூட்டிப்போனார்கள். வெள்ளைச் சட்டை, காக்கி நிக்கர், இரட்டை வரிசை. பத்து மணிக்கு வர வேண்டியவர் ஒன்றே முக்காலுக்கு வந்தார். பந்தலில் ஒரு டிரம் தண்ணீர் இருந்தது. அதில் ஒரு டம்ளரைச் சங்கிலியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். எண்ணூறு பிள்ளைகளுக்கு அந்த ஒரு டம்ளர். போட்டோக்காரர் வந்ததும் எங்களை எழுப்பி, மேடைக்கு முன்னால் காலியாகக் கிடந்த இடத்தில் உட்கார வைத்தார்கள். படம் எடுத்து முடிந்ததும் திரும்பப் பின்னால் போகச் சொன்னார்கள். ஓரத்தில் நின்ற ஒரு வாத்தியார் கையைத் தூக்கினால் நாங்கள் கைதட்ட வேண்டும். அந்தப் பெரிய மனிதர் என்ன பேசினார் என்று கேட்டால் ஒரு சொல்லும் நினைவில்லை. டம்ளரின் விளிம்பு நசுங்கியிருந்தது நினைவிருக்கிறது. திரும்பும்போது ஆளுக்கு இரண்டு ஆரஞ்சு மிட்டாய் கொடுத்தார்கள்.

இரண்டாவது, எங்கள் தமிழ் ஐயா கூட்டிப்போனது. பக்கத்து ஊர் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதக் கூத்து நடந்துகொண்டிருந்தது. அன்றிரவு கர்ண மோட்சம். ஐயா பதினொரு பையன்களின் வீட்டுக்கும் தானே போய், திண்ணையில் உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்து, அனுமதி கேட்டார். ஆளுக்கொரு போர்வை, ஒரு பொட்டலம் பொரி. ஒன்பது மணிக்கே எங்களைக் கொண்டுபோய் வேஷம் கட்டுகிற கொட்டகைக்குள் விட்டுவிட்டார்.

உள்ளே பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் ஒருவர் கையில் சிறிய கண்ணாடியை வைத்துக்கொண்டு மீசையை மழித்துக்கொண்டிருந்தார். “யாரு வேஷம்ணா?” என்று கேட்டேன். “பொன்னுருவி” என்றார். கர்ணன் பெண்டாட்டி. வாயில் அணைந்த பீடி. பக்கத்தில் கர்ணன் பாதி முகத்துக்கு அரிதாரம் பூசிவிட்டு, மீதிப் பாதியோடு டீ குடித்துக்கொண்டிருந்தார். கிரீடம், புஜக்கட்டை, மார்ப்பதக்கம் எல்லாம் கோணிச் சாக்கின்மேல் கிடந்தன. மரத்தில் செதுக்கிக் கண்ணாடிச் சில்லு ஒட்டியவை. எங்களில் ஒருவனைக் கிரீடத்தைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார்கள். தூக்கினான், உடனே வைத்துவிட்டான். விடிய விடிய அதைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடுகிறவரை அதன் பிறகு நாங்கள் வேறு மாதிரிப் பார்த்தோம்.

கூத்தில் வேஷக்காரர் நேராக வந்து நிற்க மாட்டார். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். அதற்குப் பின்னாலிருந்து பாட்டு வரும், துணிக்குக் கீழே சலங்கை கட்டிய கால் மட்டும் தெரியும். நாங்கள் எட்டி எட்டிப் பார்த்தோம். ஐயா சொன்னார்: “முகத்தப் பாக்க அவசரப்படாதீங்கடா. அது எங்கயும் போயிடாது. கால் என்ன சொல்லுதுன்னு பாருங்க.” பார்த்தோம். கோபமாக வருகிற கால் வேறு, சாகப்போகிறவன் கால் வேறு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

விடியற்காலையில் பொன்னுருவி கர்ணனை நினைத்து அழுதாள். மீசை மழித்த அதே ஆள், பீடி குடித்த அதே வாய். எல்லாம் தெரிந்திருந்தும் எனக்கு அழுகை வந்தது. ஏமாற்று வேலை என்று தெரிந்த பிறகும் ஏமாறாமல் அழ முடிகிறதே, அது என்ன என்று எனக்கு இன்றுவரை முழுதாக விளங்கவில்லை. கலை என்பது அந்த இடத்தில் எங்கேயோ இருக்கிறது என்பதுமட்டும் தெரியும்.

இரண்டு பயணத்துக்கும் உள்ள வித்தியாசம் கூத்துக்கும் பேச்சுக்கும் உள்ள வித்தியாசமல்ல. அந்தப் பெரிய மனிதர் நன்றாகவே பேசியிருக்கலாம். முதலாவதில் நாங்கள் காலி இடத்தை மறைக்கப் போனோம். இரண்டாவதில் பதினொரு பேராகப் போனோம். எதைப் பார்ப்பது என்று ஒரே ஒரு விஷயம் சொல்லிக்கொடுத்தார்கள். மேடைக்குப் பின்பக்கத்தை முதலில் காட்டினார்கள். எனக்குப் பிறகு கிடைத்த கல்வியியல் புத்தகங்கள் எல்லாம் இதற்கு அடிக்குறிப்புத்தான்.

திருக்குறள் அதிகார வரிசையைக் கொஞ்சம் கவனியுங்கள். நாற்பதாவது அதிகாரம் கல்வி. அடுத்தது கல்லாமை. அதற்கடுத்து நாற்பத்திரண்டாவதாகக் கேள்வி. அதன் பிறகுதான் அறிவுடைமை வருகிறது. படிப்புக்கும் அறிவுக்கும் நடுவில் கேட்பதற்கென்று தனியாகப் பத்துக் குறள் வைத்தார் வள்ளுவர். நம் பாடத்திட்டத்தில் அந்த நடு அதிகாரம் கிழிந்துபோயிருக்கிறது. வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறோம், எழுதக் கற்றுக்கொடுக்கிறோம். கேட்பதற்கு நம்மிடம் இருக்கும் பாடம் ஒன்றே ஒன்று: “வாயை மூடு.”

ஆட வைக்கவும் பேச வைக்கவும் நாம் சளைத்தவர்கள் அல்ல. ஆண்டுவிழா இல்லாத பள்ளி உண்டா? அரசுப் பள்ளிகளில் 2022 முதல் கலைத் திருவிழா நடக்கிறது. வட்டார அளவு, மாவட்ட அளவு, மாநில அளவு என்று பிள்ளைகள் மேடையேறுகிறார்கள். நல்ல ஏற்பாடு, நான் நடுவராகவும் போயிருக்கிறேன். அங்கே ஒன்றைக் கவனித்தேன். தன் நடனம் முடிந்த பிள்ளை அடுத்த பள்ளியின் நடனத்தைப் பார்ப்பதில்லை. ஆடையை மாற்றிக்கொண்டு வேனில் ஏறிவிடுகிறது. கூட வந்த ஆசிரியரும்தான். நல்ல கூத்து ஒன்றையும் முழுதாகப் பார்க்காத பிள்ளை கூத்துப் போட்டியில் பரிசு வாங்குகிறது என்றால், யூடியூபில் ஒரு நிமிஷத் துண்டைப் பார்த்து ஆடுகிறது என்று அர்த்தம்.

“அதான் யூடியூப்ல எல்லாம் இருக்கே சார், எதுக்கு பஸ் வெச்சுப் போகணும்?” என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இதற்கு அமெரிக்காவில் ஒரு பதில் இருக்கிறது. ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் ஜே கிரீனும் அவர் குழுவினரும் 2014இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ‘ஹாம்லெட்’, ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ என்ற இரண்டு நாடகங்களுக்கு வர விரும்பிய பள்ளிக் குழுக்களைச் சேர்த்து, குலுக்கல் போட்டுச் சிலருக்கு மட்டும் டிக்கெட் கொடுத்தார்கள். ஏழாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை மொத்தம் 670 மாணவர்கள். சீட்டு விழுந்தவர் போனார், விழாதவர் போகவில்லை. ஆகவே ‘ஆர்வமுள்ள பிள்ளைதானே போகும்’ என்று அந்த ஆய்வைத் தள்ளிவிட முடியாது. போய்ப் பார்த்தவர்களுக்குக் கதையும் அதன் சொற்களும் கூடுதலாகப் பிடிபட்டிருந்தன. ஒருவரின் கண்களை மட்டும் படத்தில் காட்டி, அவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று கேட்டார்கள். அதிலும் நாடகம் பார்த்த பிள்ளைகள் மேலாகச் சொன்னார்கள். அதே கதையை வாசித்ததோ சினிமாவாகப் பார்த்ததோ இந்தப் பலனைத் தரவில்லை.

இதே குழு அதற்கு முன்பு ஒரு கலைக்கூடத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளை அனுப்பி, இன்னும் பெரிய அளவில், பதினோராயிரத்தை ஒட்டிய மாணவர்களிடம் ஆய்ந்தது. சிந்தித்துப் பார்க்கும் திறனில் எல்லோருக்கும் பலன் இருந்தது. கிராமத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஏழைப் பிள்ளைகளுக்கும் அது மற்றவர்களைவிட இரண்டு மூன்று மடங்கு. காரணம் எளிது. பணக்கார வீட்டுப் பிள்ளையை அப்பா அம்மா கூட்டிப்போவார்கள். மற்றப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம்தான் அப்பா அம்மா.

அப்படிக் கூட்டிப்போன கதை ஒன்று. நியூயார்க்கில் ‘ஹாமில்டன்’ என்றொரு இசை நாடகம், அமெரிக்காவை உருவாக்கிய தலைவர்களில் ஒருவரின் கதை. 2015இல் பிராட்வேக்கு வந்தபோது டிக்கெட் விலை சாமானியர் தொட முடியாத உயரத்துக்குப் போனது. ராக்கஃபெல்லர் அறக்கட்டளை பணம் போட, நகரத்து ஏழைப் பள்ளிகளின் இருபதாயிரம் மாணவர்கள் பத்து டாலருக்கு அதைப் பார்க்க ஏற்பாடு செய்தார்கள். ஹாமில்டன் முகம் அச்சிட்ட நோட்டு பத்து டாலர் நோட்டு. அந்தக் குறும்பு எனக்குப் பிடித்தது. அதைவிடப் பிடித்தது அவர்கள் வைத்த நிபந்தனை. வருவதற்கு முன் அந்தக் கால ஆவணங்களைப் படித்து, ஒவ்வொரு பிள்ளையும் ஒரு பாட்டோ கவிதையோ காட்சியோ தானே எழுத வேண்டும். அவற்றில் சிலவற்றை அன்று காலையில் அதே மேடையில் பிள்ளைகள் நிகழ்த்துவார்கள். நடிகர்களிடம் கேள்வி கேட்பார்கள். மதியம் நாடகம். ‘நம்ம மேடை’ என்ற எண்ணத்தோடு நாற்காலியில் உட்காருகிற பிள்ளை எப்படிப் பார்க்கும் என்று யோசியுங்கள்.

நம் நாட்டிலும் முன்னுதாரணம் உண்டு. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது கேட்ட ஒரு துருபத் கச்சேரி மனத்தை விட்டுப் போகாமல், ஊர் திரும்பி டெல்லி ஐ.ஐ.டி.யில் பேராசிரியரான கிரண் சேத் 1977இல் ஸ்பிக் மேக்கே என்ற அமைப்பைத் தொடங்கினார். அதன் வழியாகப் பெரிய கலைஞர்கள் பள்ளி வகுப்பறைக்கே வந்து, தரையில் உட்கார்ந்து, வாசித்தும் விளக்கியும் காட்டுகிறார்கள். நம் ஊரில் செய்யாறு பக்கம் புரிசை இருக்கிறது. அங்கே தலைமுறை தலைமுறையாகக் கூத்தாடும் குடும்பம் ஒன்று. அதில் வந்த கண்ணப்ப சம்பந்தனுக்கு 2025இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். செய்தித்தாளில் அவர் படத்தைப் பார்த்த பிள்ளைகளில் எத்தனை பேர் அவர் ஆடிப் பார்த்திருப்பார்கள்? பொதுஅறிவு வினாவுக்கு விடையாக மனப்பாடம் செய்திருப்பார்கள், அது வேறு.

இப்போது புத்தகக் கண்காட்சிக்கு வருகிறேன். இந்த இடத்தில் எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். இப்போது மாவட்டந்தோறும் அரசே புத்தகத் திருவிழா நடத்துகிறது. பள்ளிப் பேருந்துகள் வரிசையாக வருகின்றன. எப்போது? காலை பதினொரு மணிக்கு. சொற்பொழிவு எப்போது? மாலை ஆறு மணிக்கு மேல். பிள்ளைகள் பார்ப்பது தார்ப்பாய் போர்த்திய மேடையும் அடுக்கிவைத்த நாற்காலிகளும். ஸ்டால்களை ஒரு சுற்றுச் சுற்றி, இருபது ரூபாய்க்கு ஒரு ஸ்டிக்கர் புத்தகம் வாங்கி, அப்பளம் தின்று, மூன்று மணிக்கு பஸ் ஏறிவிடுகிறார்கள். ஊரிலேயே நல்ல பேச்சாளர்கள் பத்து நாள் தொடர்ந்து வந்து பேசுகிறார்கள், ஆனால் பிள்ளைகள் இருக்கும்போது ஒருவரும் பேசுவதில்லை.

ஒரு வருஷம் நாங்கள் அமைப்பாளரிடம் போய்க் கேட்டோம். மாலையில் பேச வந்திருந்த ஓர் எழுத்தாளர் விடுதியில் சும்மாதான் இருந்தார். பகலில் ஒரு மணி நேரம் வரச் சம்மதித்தார். அதற்கு முந்தைய வாரம் அவருடைய ஒரு சிறுகதையை வகுப்பில் வாசித்தோம். ஆளுக்கு ஒரு கேள்வி எழுதச் சொன்னேன். “பொழுதுபோக்கு என்ன, பிடித்த நிறம் என்ன” வகையறாவை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுந்து, “ஐயா, நீங்க எழுதினதுல உங்களுக்கே பிடிக்காதது எது?” என்றாள். அவர் பேசாமல் இருந்தார். எனக்கு அடிவயிறு கலங்கியது. பிறகு மைக்கைக் கீழே வைத்துவிட்டு, நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, ஒரு கதையைத் தான் எப்படிக் கெடுத்தேன் என்று சொல்ல ஆரம்பித்தார். முடிவை அவசரமாக எழுதியதையும், ஒரு நண்பருக்குப் பயந்து ஒரு பாத்திரத்தை நல்லவனாக்கியதையும். அன்று மாலை மேடையில் அவர் பேசியதையும் கேட்டேன். பகல் பேச்சுக்குப் பக்கத்தில் வரவில்லை.

பேச்சாளரைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு வார்த்தை. தன்னம்பிக்கைப் பேச்சு என்ற பெயரில் பிள்ளைகளை அழவைப்பதையே தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். விளக்கை அணைத்து, சோக இசை போட்டு, “அம்மா காலைப் பிடித்து எப்போதாவது மன்னிப்புக் கேட்டிருக்கிறாயா” என்று கேட்பார்கள். முந்நூறு பிள்ளைகள் விம்மும். அமைப்பாளர் சந்தோஷப்படுவார். அம்மா இல்லாத பிள்ளை அந்த முந்நூறில் நாலாவது இருக்குமே, அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. பொன்னுருவிக்காக நான் அழுததும் அழுகைதான். ஆனால் அங்கே என்னை யாரும் அழச் சொல்லவில்லை.

நடைமுறைக்கு வருவோம். போகிறவர்கள் அறுபது பேருக்கு மேல் வேண்டாம். இருநூற்று நாற்பது பேர் இருந்தால் நான்கு முறை போங்கள். பதினைந்து பேருக்கு ஓர் ஆசிரியர். கழிப்பறை எங்கே இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்று முதல் நாளே ஒரு ஆசிரியை போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும். பெண்பிள்ளைகள் தண்ணீர் குடிக்காமல் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் எந்த ராகமும் காதில் விழாது. தயிர்சாதம் போதும். பிரியாணி கட்டினால் இரண்டாம் பாதியில் எல்லோரும் தூங்குவார்கள், ஆசிரியர்கள் உட்பட.

இடம்தான் பெரிய சண்டை. ஒரு நாட்டிய நிகழ்ச்சிக்கு நகரத்துச் சபா ஒன்றுக்குப் போனோம். எங்களைக் கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள். முன்னால் சோபாக்கள், ‘சிறப்பு விருந்தினர்’ என்ற அட்டையோடு, பாதிக்குமேல் காலி. கேட்டேன். “பசங்கதானே சார், எங்க உக்காந்தா என்ன?” என்றார் ஒருவர். பரதநாட்டியத்தில் விரலும் கண்ணும் பேசுகின்றன. கடைசி வரிசையில் நாலடிப் பிள்ளைக்குத் தெரிவது முன்னாலிருப்பவரின் பின்னந்தலை. நான் வாதாடிக்கொண்டிருக்கும்போதே அந்த நாட்டியக் கலைஞர், பாதி அலங்காரத்தில், திரையை விலக்கிப் பார்த்தார். “பிள்ளைங்க எல்லாம் முன்னால வாங்க, சோபாவுக்கு முன்னாடி தரையில உக்காருங்க” என்றார். அவ்வளவுதான். சிறப்பு விருந்தினர்கள் வந்தபோது எங்கள் பிள்ளைகளின் தலைகளுக்கு மேலாகத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

இன்னொரு தடவை ஒரு வாய்ப்பாட்டுக் கச்சேரி. தொடங்க இருபது நிமிஷம் இருந்தது. மிருதங்கக்காரர் ஒரு சிறு டப்பாவைத் திறந்து, குழைத்த ரவையை எடுத்துத் தொப்பியில், அதாவது இடது பக்கத் தோலில், வட்டமாக அப்பிக்கொண்டிருந்தார். ஆறாம் வகுப்புப் பையன் ஒருவன் மேடை ஓரத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு, “மாமா, உப்புமாவா?” என்றான். நான் அவனை இழுக்கப் போனேன். அவர் சிரித்துவிட்டு ரவை அப்பாத பாகத்தைத் தட்டினார், பிறகு அப்பிய இடத்தைத் தட்டினார். “இப்ப சொல்லு, எது வயிறு நிறைஞ்ச சத்தம்?” என்றார். பையன் சரியாகச் சொன்னான். கச்சேரி முழுக்க அவன் இடது கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தான். முடிந்து அவர் ரவையைச் சுரண்டி எடுக்கிறவரை பஸ்ஸுக்கு வர மறுத்தான். பாட்டு என்ன ராகம் என்று அவனுக்குத் தெரியாது. எனக்கும் உறுதியாகத் தெரியாது.

கடைசியாக ஒன்று. நான் ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கும்போது ஏழாம் வகுப்பைப் பக்கத்து ஊர்க் கூத்துக்குழு ஒன்றிடம் கூட்டிப்போனேன். பகலில் இரண்டு மணி நேரம் ஆடச் சம்மதித்தார்கள். முகவீணை வாசித்த பெரியவரைப் பார்த்ததும் எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். அவருடைய பேரன். அப்படி ஒரு தாத்தா இருப்பதை அவன் பள்ளியில் சொன்னதே இல்லை. மேளமும் குழலும் வாசிக்கிற வீட்டுப் பிள்ளை அதைச் சொல்லக் கூசும்படிதான் நம் ஊரும் நம் பள்ளிக்கூடமும் இருக்கின்றன. ஏன் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தாத்தாவுக்கும் புரிந்திருக்க வேண்டும். அவர் அவனைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. இடைவேளையில் பொதுவாக, “யாருக்காச்சும் ஊதிப் பாக்கணுமா?” என்றார். பத்துப் பேர் முண்டியடித்து ஊதினார்கள். காற்றுத்தான் வந்தது. கடைசியில் இவன் தானாக முன்னால் வந்து வாங்கி ஊதினான். சுத்தமாக நாலு சுரம்.

மறுநாள் மதியம் சாப்பாட்டு மணிக்கு வேப்பமரத்தடியில் சத்தம் கேட்டு வராந்தாவில் நின்று பார்த்தேன். இரண்டு பேர் ஒரு துண்டை விரித்துப் பிடித்திருந்தார்கள். துண்டுக்குக் கீழே ஒரு ஜோடிக் கால், கணுக்காலில் சாவிக்கொத்து. பக்கத்தில் அந்தப் பேரன் மூக்கைப் பிடித்துக்கொண்டு முகவீணை வாசித்தான். கூத்தின் கோமாளியான கட்டியங்காரனாக நின்ற பையன் கைகளைப் பின்னால் கட்டி, ஒரு தோளைச் சாய்த்து, இழுத்து இழுத்து நடந்து, “என்னப்பா சத்தம், என்னப்பா சத்தம்” என்றான். அது என் நடை. என் குரல். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. மணி அடிக்க வந்த உதவியாளரிடம், அஞ்சு நிமிஷம் பொறுங்கள் என்று சைகை காட்டிவிட்டு, தூணுக்குப் பின்னால் மறைந்துகொண்டேன்.